கட்டங்களுக்குள் ஒரு கட்டடம்: விரிதாளின் இன்னொரு வரலாறு

விரிதாளை எங்களில் கனபேர் முதன்முதலில் சந்தித்தது பள்ளிக்கூடத்தில்தான். ஓ.எல் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பத்து மாணவர்களின் பெயர், நாலு பாடங்களின் புள்ளிகள், கடைசி நிரலில் கூட்டுத்தொகை, கீழே வகுப்புச் சராசரி. கூட்டுத்தொகை சரியாக வந்ததும் பாடம் முடிந்துவிடும். அதனால் விரிதாள் என்றால் கணக்குக் கூட்டுகிற ஒரு பலகை என்ற எண்ணமே எங்களுக்குள் தங்கிவிடுகிறது.

ஆனால் இதே நிரைகளும் நிரல்களும் இப்போது வேறொரு வேலையும் செய்கின்றன. ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் முப்பரிமாண மொடலைக் கணினியில் வைத்திருப்பவர்கள், அதன் கதவுகளை ஒவ்வொன்றாகத் தேடிப்போய்த் திருத்துவதில்லை. ஓர் அட்டவணையைத் திறந்து, கதவு ஒன்றுக்கு ஒரு நிரை என்று பார்த்து, கலத்துக்குள் எண்ணை மாற்றுகிறார்கள். மொடலுக்குள் இருக்கும் கதவே மாறிவிடுகிறது. இயந்திர உதிரிப்பாகங்களுக்கும் இதே வழி உண்டு. நாடுகளின் கடன் மொடல்களையும் நாங்கள் கடைசியில் அட்டவணைகளாகத்தான் காண்கிறோம்.

மொடல் என்று இங்கே சொல்வது, உலகத்தில் உள்ள ஒரு பொருளையோ ஒரு நடைமுறையையோ கணினிக்குள் கட்டிவைப்பதை. அதன் பாகங்களுக்கு ஒன்றையொன்று தெரிந்திருக்கும். ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறும். அப்படிப் பார்த்தால் திரையில் நாங்கள் காணும் அட்டவணை மூன்றில் ஒன்றாக இருக்கலாம். அதுவே மொடலாக இருக்கலாம். வேறெங்கோ இருக்கும் ஒரு மொடலைப் பார்க்கும் யன்னலாக இருக்கலாம். அல்லது அந்த மொடலிலிருந்து வெட்டியெடுத்த, இப்போது தொடர்பு இல்லாத ஒரு பிரதியாக இருக்கலாம். சிக்கல் என்னவென்றால், மூன்றும் பார்வைக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும். இந்த வேறுபாடு எப்படி உருவானது, அதை மறந்த இடங்களில் என்ன நடந்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

முதலில் அட்டவணையே மொடலான கதை. கணக்காளர்கள் பெரிய தாள்களில் கோடு கீறி, நிரைக்கும் நிரலுக்கும் இலக்கங்களை நிரப்புவது கணினிக்கு முந்திய பழக்கம். ஒரு வட்டி வீதம் மாறினால் பென்சிலும் அழிறப்பருமாகப் பாதித் தாளைத் திருப்பி எழுதவேண்டும். 1961 இல் ரிச்சர்ட் மட்டெசிச் என்ற கணக்கியல் பேராசிரியர், ஒரு நிறுவனத்தின் வரவுசெலவை அட்டவணை வடிவில் மொடலாக்கிக் கணினியால் கணிக்கலாம் என்று எழுதினார். 1969 இல் ரெனே பார்டோ, ரெமி லண்டோ என்ற இரண்டு பேர் லன்பார் என்றொரு மென்பொருளை உருவாக்கினார்கள். ஒரு கலம் தனக்குப் பின்னால் வரும் கலத்தின் பெறுமதியையும் கேட்கலாம். எதை முதலில் கணிக்கவேண்டும் என்பதை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். ஆனால் இவையெல்லாம் பெரிய கணினிகளுக்குள் இருந்தன. சாதாரண ஆக்களின் கைக்கு எட்டவில்லை.

எட்டவைத்தது 1978 இல் ஒரு மாணவனுக்கு வந்த யோசனை. ஹாவர்ட் வணிகக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின், விரிவுரையாளர் கரும்பலகையில் ஒரு நிதிக் கணக்கை அட்டவணையாக எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் எண் மாறியதும் விரிவுரையாளர் அதைத் தொடர்ந்து வரும் எண்களையெல்லாம் வரிசையாக அழித்து எழுதவேண்டி வந்தது. இந்தப் பலகை தானாகவே தன்னைத் திருத்திக்கொண்டால் எப்படி இருக்கும் என்று பிரிக்லின் யோசித்தார். அவரும் நண்பர் பொப் ஃபிராங்ஸ்டனும் சேர்ந்து செய்த விசிகல்க் 1979 இல் அப்பிள் 2 கணினிக்கு வெளிவந்தது. 63 நிரல்கள், 254 நிரைகள், அவ்வளவுதான். நிரலுக்கு எழுத்து, நிரைக்கு எண், கலத்துக்கு ஏ1, பி7 என்று முகவரி என நாங்கள் இன்று பாவிக்கும் முறை அதிலேயே இருந்தது.

விசிகல்க் செய்த பெரிய காரியம் வேகம் மட்டுமல்ல. அதுவரை ஒரு மொடலைக் கணினியில் கட்டவேண்டும் என்றால் நிரல்மொழி தெரிந்த ஒருவரிடம் போய் நிற்கவேண்டும். இனி ஒரு கடைக்காரர், ஒரு கணக்குப்பிள்ளை, ஒரு மாணவி தானே கட்டலாம். ‘வாடகை கூடினால் என்ன நடக்கும், விற்பனை குறைந்தால் என்ன நடக்கும்’ என்று ஒரு கலத்தை மாற்றிப் பார்க்கலாம். பிறகு 1983 இல் மிச் கேப்பரின் நிறுவனம் லோட்டஸ் 1-2-3 ஐக் கொண்டுவந்தது. 1985 இல் எக்செல் மெக்கின்டொஷ் கணினிக்கும், 1987 இல் விண்டோஸுக்கும் வந்தது. மிச்சத்தை நாங்களே வாழ்ந்து பார்த்துவிட்டோம்.

இதற்குச் சமாந்தரமாக இன்னொரு கதை நடந்துகொண்டிருந்தது. அது எண்களைப் பற்றியதல்ல, வடிவங்களைப் பற்றியது. 1963 இல் ஐவன் சதர்லாண்ட் என்ற ஆய்வு மாணவர் எம்.ஐ.டி.யில் ஸ்கெச்பாட் என்ற மென்பொருளைத் தன் கலாநிதி ஆய்வாகச் சமர்ப்பித்தார். திரையில் ஒளிப்பேனாவால் கோடு கீறலாம். அது பெரிய விசயம் இல்லை. ‘இந்த இரண்டு கோடும் எப்போதும் சமாந்தரமாக இருக்கவேண்டும்’ என்று நிபந்தனை வைக்கலாம் என்பதுதான் விசயம். ஒரு கோட்டை அசைத்தால் மற்றது தானாக ஒத்துப்போகும். யோசித்துப் பாருங்கள், விரிதாளில் ஒரு கலம் மற்றக் கலத்துக்கு ஒத்துப்போவதும் இதுவும் ஒரே எண்ணம்தான். ஒன்று எண்களில், மற்றது கோடுகளில்.

1975 இல் சார்ள்ஸ் ஈஸ்ட்மன் என்ற கட்டடக்கலைஞர் இன்னொரு படி மேலே போனார். கட்டடத்துக்கு வரைபடங்களே தேவையில்லை என்பது போன்ற ஒரு தலைப்பில் கட்டுரை எழுதினார். அவருடைய வாதம் எளிமையானது. ஒரே சுவர் தளப்படத்தில் ஒருமுறை வருகிறது, முகப்புப்படத்தில் ஒருமுறை வருகிறது, வெட்டுமுகத்தில் ஒருமுறை, செலவுப் பட்டியலில் ஒருமுறை. சுவரை நகர்த்தினால் நாலு இடத்திலும் திருத்தவேண்டும்; ஓரிடத்தில் மறந்தால் தளத்தில் மேசனுக்கும் கணக்காளருக்கும் இரண்டு வேறு கட்டடங்கள் கிடைக்கும். அதற்குப் பதில் சுவரை ஒரேயொரு முறை கணினிக்குள் வைத்துவிட்டு, படங்களையும் பட்டியல்களையும் அதிலிருந்தே எடுக்கலாமே என்றார் ஈஸ்ட்மன். அட்டவணை இங்கே கட்டடத்தைப் பார்க்கும் ஒரு யன்னலாகிவிடுகிறது.

யன்னலால் பார்க்கலாம், சரி. யன்னலுக்குள் கையை விட்டுத் திருத்தலாமா? இதுதான் கடினமான கேள்வி. தரவுத்தள ஆராய்ச்சியாளர்கள் இதோடு கன காலம் மல்லுக்கட்டினார்கள். ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் கொட் 1970 இல் தரவுகளையெல்லாம் தொடர்புள்ள அட்டவணைகளாக வைத்திருக்கலாம் என்று காட்டியபிறகு, அந்த அட்டவணைகளிலிருந்து வேண்டிய பகுதியை மட்டும் ஒரு ‘பார்வை’யாக எடுத்துக் காட்டும் வழக்கம் வந்தது. அந்தப் பார்வையில் ஒரு கலத்தை மாற்றினால் அடியில் இருக்கும் தரவில் எதை மாற்றுவது?

பள்ளிக்கூட உதாரணத்தையே எடுப்போம். பத்துப் பேரின் கணிதப் புள்ளிகளின் சராசரி 54. ஒருவர் அந்தச் சராசரிக் கலத்தில் போய் 60 என்று எழுதுகிறார். அப்படியென்றால் யாருடைய புள்ளியைக் கூட்டுவது? எல்லோருக்கும் ஆறு ஆறாகக் கூட்டுவதா, ஒருவருக்கே அறுபதைக் கூட்டுவதா? அந்தக் கேள்விக்கு ஒரேயொரு விடை இல்லை. ஆனால் ஒரு மாணவியின் புள்ளிக் கலத்தில் போய் 45 ஐ 54 ஆக மாற்றினால் எந்தக் குழப்பமும் இல்லை. ஆக, பார்க்கக்கூடிய எல்லாவற்றையும் திருத்தமுடியாது. எதைத் திருத்தலாம் என்பதை மொடலைக் கட்டுபவர்கள் தீர்மானிக்கவேண்டும். கணினி விஞ்ஞானத்தில் இதைப் பற்றித் தனியான ஆய்வுகளே உண்டு.

இந்த இரண்டு கதைகளும் சந்தித்த இடம் பொஸ்டன் நகரைச் சுற்றிய பகுதி. சதர்லாண்டின் எம்.ஐ.டி., பிரிக்லினின் ஹாவர்ட், கேப்பரின் லோட்டஸ் எல்லாம் அமெரிக்காவின் அந்த மசாசுசெற்ஸ் மாநிலத்தில்தான் இருந்தன. 1980களின் கடைசியில் அங்கிருந்து வந்த ப்ரோ/எஞ்சினியர் என்ற மென்பொருளில், இயந்திரப் பாகங்களின் அளவுகளை எண்களாக மாற்றினால் வடிவமும் மாறியது. 1995 இல் வந்த சொலிட்வேர்க்ஸ் எக்செல் தாளையே மொடலுக்குள் கொண்டுவந்தது. ஓர் ஆணியின் நீளம், விட்டம், தலையின் உயரம் என்று நிரல்கள். ஒவ்வொரு நிரையும் ஒவ்வோர் அளவு ஆணி. இருபது நிரை எழுதினால், ஒரு தடவை வரைந்த ஆணியிலிருந்து இருபது அளவு ஆணிகள் பிறக்கும். வரையத் தெரியாத ஒருவருக்கும் இந்தத் தாளைத் திறந்து இருபத்தோராவது நிரையை எழுதத் தெரியும்.

கட்டடத்துக்கு இதைக் கொண்டுவந்தவர்கள் லெயோனிட் ரைஸ், இர்வின் யங்ரைஸ் என்ற இரண்டு பேர். ப்ரோ/எஞ்சினியர் செய்த நிறுவனத்திலிருந்து வெளியேறி, 1997 இல் தனி நிறுவனம் தொடங்கி, 2000 இல் ரெவிட் என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். 2002 இல் அதை ஓட்டோடெஸ்க் நிறுவனம் 133 மில்லியன் டொலருக்கு வாங்கியது. ஈஸ்ட்மன் 1975 இல் சொன்னது ரெவிட்டில் அன்றாட வேலையாகிவிட்டது. அதில் கதவு அட்டவணை என்பது தளப்படத்தைப் போலவே கட்டடத்தைப் பார்க்கும் இன்னொரு பார்வை. அட்டவணையில் ஒரு கதவின் இலக்கத்தை மாற்றினால் படத்திலும் மாறும். அறையின் பரப்பளவுக் கலத்தில் கைவைக்கமுடியாது. பரப்பளவு சுவர்களிலிருந்து வருவது, அதை மாற்றவேண்டும் என்றால் சுவரைத்தான் நகர்த்தவேண்டும். சராசரிக் கலத்துக்குச் சொன்ன அதே நியாயம்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. ஒரு கதவின் அகலம் பெரும்பாலும் அந்தத் தனிக் கதவுக்குச் சொந்தமானதல்ல, அந்த வகைக் கதவு எல்லாவற்றுக்கும் பொதுவானது. ஒரு கலத்தில் 900 மில்லிமீற்றரை 1000 ஆக்கினால், அந்த வகையில் உள்ள நாற்பது கதவுகளும் ஒரேயடியாக அகலும். மென்பொருள் எச்சரிக்கும்தான், ஆனால் எச்சரிக்கைப் பெட்டிகளை வாசிக்காமல் ‘ஓகே’ அழுத்துவதில் நாங்கள் எல்லோரும் கெட்டிக்காரர். இரண்டாவது, ஒரு நிரையை அழித்தால் அது பட்டியலில் இருந்து மட்டும் போவதில்லை. சுவரில் இருந்த கதவே போய்விடும். எக்செலில் பழகிய கைக்கு நிரையை அழிப்பது தாளைத் துப்புரவாக்கும் வேலை. இங்கே அது இடிப்பு வேலை.

மொடலையும் பார்வையையும் பிரித்து வைக்கவேண்டும் என்று விரிதாள் உலகத்துக்குள்ளேயே ஒரு முயற்சி நடந்தது. லோட்டஸ் நிறுவனம் 1991 இல் இம்ப்ரூவ் என்ற மென்பொருளை நெக்ஸ்ட் கணினிக்கு வெளியிட்டது. பிற்றோ சலாஸ் என்பவரின் யோசனை அது. தரவு ஓரிடத்தில், சூத்திரங்கள் ஓரிடத்தில், பார்வைகள் ஓரிடத்தில். ‘இலாபம் = வரவு - செலவு’ என்று ஒருதடவை சொற்களில் எழுதினால் போதும், ஒவ்வொரு கலத்துக்கும் பிரதிபண்ணத் தேவையில்லை. மொடல் கட்டுகிற ஆக்கள் அதை விரும்பினார்கள். ஆனால் சந்தையில் அது நிலைக்கவில்லை. 90களின் நடுப்பகுதியில் நிறுத்தப்பட்டது. அதன் ஒரு பகுதி மட்டும் எக்செலுக்குள் பிவட் டேபிள் என்ற பெயரில் வாழ்கிறது. நினைத்த இடத்தில் நினைத்ததை எழுதலாம் என்ற கட்டங்களின் சுதந்திரத்தை விட்டுக்கொடுக்க ஆக்கள் தயாராக இல்லை. அதற்கு ஒரு விலையும் இருந்தது.

அந்த விலை தெரிவது அட்டவணை மொடலை விட்டு வெளியே வரும்போது. எங்கட ஆக்களில் கியூ.எஸ். படித்தவர்களுக்கு இது நல்லாத் தெரியும். மொறட்டுவைக் கம்பஸில் படித்தவர்கள், வளைகுடா நாடுகளில் வேலை செய்பவர்கள் என்று எங்கட வட்டத்திலேயே கனபேர் இருப்பார்கள். கட்டடத்தின் அளவுகளை எடுத்து பி.ஓ.கியூ. தயாரிப்பது அவர்கள் வேலை. மொடலிலிருந்து அட்டவணை எக்செலுக்கு வருகிறது. வந்த கணத்தில் அது பிரதி. மொடலில் ஒரு சுவர் நகர்ந்தால் எக்செலுக்குத் தெரியாது. எக்செலில் ஓர் அளவைத் திருத்தினால் மொடலுக்குத் தெரியாது. திருத்தியதை மீண்டும் மொடலுக்குள் அனுப்பவேண்டும் என்றால், ஒவ்வொரு நிரையோடும் அந்தப் பொருளின் அடையாள எண் கூடவே போய்வரவேண்டும். ‘இது என்ன தேவையில்லாத நிரல்’ என்று அதை ஒருவர் அழித்துவிட்டால், எந்த நிரை எந்தக் கதவு என்று மொடலுக்கு விளங்காது.

கட்டடத்தில் இது காசுப் பிரச்சினை. வேறு இடங்களில் இது உயிர்ப் பிரச்சினையாகியிருக்கிறது.

2020 ஒக்டோபரில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றாளர்கள் கணக்கில் விடுபட்டிருந்தது தெரியவந்தது. செப்டெம்பர் 25 தொடங்கி ஒக்டோபர் 2 வரையான முடிவுகள் அவை. பரிசோதனை முடிவுகளை இணைக்க எக்செலின் பழைய கோப்பு வடிவத்தைப் பாவித்திருந்தார்கள். அதில் 65,536 நிரைகளுக்கு மேல் இடமில்லை. ஒரு தொற்றாளருக்குப் பல நிரைகள் தேவைப்பட்டதால் ஒரு கோப்பில் சுமார் 1,400 பேர்தான் அடங்கினார்கள். அதற்கு மேல் வந்தவர்கள் சத்தமில்லாமல் வெட்டுப்பட்டார்கள். தொற்றியவர்களுக்குத் தங்கள் முடிவு தெரிந்திருந்தது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை பல நாள் பிந்தியது. அட்டவணை பார்க்க முழுமையாகத்தான் இருந்தது.

உயிரியலாளர்களுக்கு வேறொரு கரைச்சல். ‘மார்ச்1’, ‘செப்ட்2’ என்று சுருக்கப் பெயர் கொண்ட மனித மரபணுக்கள் இருந்தன. அந்தப் பெயரைக் கலத்தில் எழுதியதும் எக்செல் அதைத் திகதியாக மாற்றிவிடும். 2016 இல் வந்த ஓர் ஆய்வு, எக்செலில் மரபணுப் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாகக் கண்டது. கடைசியில் மரபணுப் பெயர்களைத் தீர்மானிக்கும் குழுவே இறங்கிவந்து பெயர்களை மாற்றியது. ‘செப்ட்1’ இப்போது ‘செப்டின்1’. விஞ்ஞானமே தன் சொற்களைக் கட்டங்களுக்கு ஏற்ப மாற்றவேண்டி வந்தது.

மூன்றாவது கதை எங்களுக்கு இன்னும் கிட்டடி. 2010 இல் கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரொகொஃப் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்துக்கு மேல் அரச கடன் போனால் பொருளாதார வளர்ச்சி சராசரியாக -0.1 சதவீதமாகிவிடுகிறது என்றார்கள். அரச செலவை வெட்டவேண்டும் என்று வாதாடிய அரசியல்வாதிகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதை எடுத்துக்காட்டினார்கள். 2013 இல் தோமஸ் ஹேர்ண்டன் என்ற மாணவர், மசாசுசெற்ஸ் பல்கலைக்கழகத்தில், வகுப்புப் பயிற்சியாக அந்தக் கணக்கைத் திரும்பச் செய்துபார்த்தார். விடை ஒத்துவரவில்லை. ஆசிரியர்களிடம் கேட்டு அவர்களுடைய எக்செல் கோப்பையே வாங்கித் திறந்தார். சராசரி எடுக்கும் சூத்திரம் ஐந்து நிரைகளை விட்டுவிட்டிருந்தது. அவுஸ்திரேலியா, ஒஸ்ரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள். ஹேர்ண்டனும் இரண்டு பேராசிரியர்களும் திருத்திக் கணித்தபோது அதே சராசரி 2.2 சதவீதமாக வந்தது. நியாயமாகச் சொன்னால், வித்தியாசத்தின் பெரும்பகுதி அந்தச் சூத்திரப் பிழையால் வந்ததல்ல. எந்த ஆண்டுகளைச் சேர்ப்பது, எந்த நாட்டுக்கு எவ்வளவு நிறை கொடுப்பது என்ற தெரிவுகளால் வந்தது. ஆனால் அந்தத் தெரிவுகள் வெளிச்சத்துக்கு வந்ததும் கோப்பைத் திறந்து பார்த்ததால்தான்.

இதில் எங்களுக்கு என்ன? இலங்கை 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்தியது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. 2032 ஆகும்போது அரச கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 95 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும் என்பது இலக்கு. அந்த 95 ஒரு மொடலிலிருந்து வருகிற எண். வளர்ச்சி வீதம் இவ்வளவு, வட்டி இவ்வளவு, வரி இவ்வளவு என்று அதற்குள் ஊகங்கள் இருக்கின்றன. மின்கட்டணமும் வரியும் ஏறும்போது எங்கட வீட்டுக் கணக்குக்கும் அந்த அட்டவணைக்கும் தொடர்பு இருக்கிறது. நிதியத்தின் அறிக்கைகளில் அட்டவணைகள் அச்சாகி வருகின்றன, யாரும் வாசிக்கலாம். ஆனால் அச்சான அட்டவணையில் ஓர் ஊகத்தை மாற்றி ‘அப்ப என்ன நடக்கும்’ என்று கேட்கமுடியாது. விசிகல்க் ஒரு காலத்தில் சாதாரண ஆக்களுக்குக் கொடுத்தது அந்தக் கேள்வியைத்தானே.

அதனால் இந்த வரலாற்றை நாங்கள் வெறும் மென்பொருள் கதையாகப் பார்க்கவில்லை. ஒரு மொடலை யார் கட்டுகிறார்கள், யார் பார்க்கிறார்கள், யார் கைவைக்கலாம் என்ற கேள்விக்கு அறுபது வருசமாகக் கட்டங்கள் மூலம் விடை தேடிய கதை இது. கட்டங்கள் கன கதவுகளைத் திறந்தன. நிரல்மொழி தெரியாதவர்களையும் மொடலுக்குள் விட்டன. ஹேர்ண்டன் போன்ற ஒரு மாணவர் பெரிய பேராசிரியர்களின் கணக்கைச் சரிபார்க்க முடிந்ததும், கலத்தைக் கிளிக் செய்தால் சூத்திரம் தெரிந்ததால்தான். ஆனால் எது மொடல், எது யன்னல், எது பிரதி என்று கட்டங்கள் தாமாகச் சொல்லமாட்டா.

அதை நாங்கள்தான் கேட்கவேண்டும். வேலைத்தளத்தில், கம்பஸில், ஒரு சங்கத்தின் கணக்கில், ஓர் அரச அறிக்கையில் ஓர் அட்டவணை கைக்கு வந்தால் கேட்கச் சில கேள்விகள் உண்டு. இது எதிலிருந்து, எப்போது எடுத்தது? இந்தக் கலத்தை மாற்றினால் வேறெங்கே மாறும்? மாறாது என்றால், ஏன் மாறாது? இதில் இருக்கவேண்டிய எத்தனை நிரைகள் இல்லை? கடைசிக் கேள்விக்கு அட்டவணையைப் பார்த்து விடை சொல்லமுடியாது. அதை எடுத்த இடத்துக்குத் திரும்பிப்போய் எண்ணித்தான் பார்க்கவேண்டும்.